வாரியம் எழுந்திருக்கக் கூடாது

முதலில் மெத்தைகளை எடுத்தார்கள்.

"விண்வெளியில் மெத்தை கிடையாது" என்றார் செயலாளர். யாராலும் மறுக்க முடியவில்லை. லைட்மேன்கள் மெத்தைகளையும் அவற்றைத் தாங்கியிருந்த பலகைகளையும் இழுத்துக்கொண்டுபோய் வெளிச்சுவரில் சாத்தினார்கள். மெத்தை இருந்த இடத்தில் பனிக்கிரகம் வெளிப்பட்டது. இரும்புக் கம்பிகளைக் கூராக வெட்டி நட்டு, சாக்குச் சுற்றி, பிளாஸ்டர் பூசி, வெள்ளையடித்ததுதான் பனிக்கிரகம். பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடமெல்லாம் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டு நின்றன.

கப்பி அந்த முனைகளைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவற்றுக்கு நேர் மேலே அவன் தங்கை தொங்கப்போகிறாள்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கயிறு இழுக்கிற இடத்தில் அதைக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. எப்போது பார்த்தாலும் கயிறு ஓடும் கப்பிக்குப் பக்கத்தில் நின்றதால் கப்பி. ஆள் ஒல்லி. தங்கை அவனைவிடக் கனம். சின்ன வயதில் இருவரும் சூளையில் கல் சுமந்தவர்கள். அவள் தலையில் எப்போதும் இரண்டு கல் கூடுதலாக இருக்கும். இப்போது அவள் டூப் போடுகிறவள். பட்டப்பெயர் வவ்வால். நட்சத்திர மண்டலத்து ராணியாக நடிக்கிற நடிகை வசனம் பேசுவாள், அழுவாள். பறப்பது, மோதுவது, உதை வாங்குவது எல்லாம் வவ்வால்.

வந்திருந்தது விண்வெளிப் படங்களுக்கான இயற்பியல் ஒழுங்கு வாரியம். அது பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். மிக உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் பேத்தியோடு படம் பார்க்கப் போனார். விண்கலம் வெடித்தது. "காத்தே இல்லாத இடத்துல எப்படித் தாத்தா சத்தம் கேக்குது?" என்று பேத்தி கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததால் வாரியம் அமைத்தார். வாரியம் பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் விண்வெளிப் படம் வெளிவரும். தராவிட்டால் படம் பெட்டிக்குள். பெட்டிக்குள் போன படங்களோடு தச்சர்களும் தையல்காரர்களும் கயிற்றாட்களும் வீட்டுக்குப் போனார்கள். இந்தப் படப்பிடிப்புத் தளம் மட்டும்தான் இன்னும் திறந்திருந்தது.

உறுப்பினர்கள் நாலு பேர். தலைவர், செயலாளர், ஈர்ப்பு உறுப்பினர், ஒலி உறுப்பினர். நாலு பேரும் நல்ல சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. உட்கார இடம் தேடினார்கள். பேரண்டச் சக்கரவர்த்தியின் அரசவைக்காகச் செய்து வைத்திருந்த அரியணை மேடையைத் தலைவர் கண்டார். நாலு சிம்மாசனங்கள், கருங்கல் தூண்கள், சிங்கத் தலைகள். "இதுவே போதும்" என்றார் அடக்கமாக. ரெண்டே ரெண்டு தச்சர்கள் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்து கப்பி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கருங்கல் முழுக்கத் தெர்மாகோல். அடியில் மட்டும் நாலு ரீப்பர் மரச்சட்டம். தலைவர் ஏறி உட்கார்ந்து சிங்கத்தின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் இந்த வாரியத்துக்கு வருமுன் சிறைத்துறையில் இருந்தேன்" என்று தொடங்கினார். "அதற்கு முன் மீன்வளம். எங்கே போனாலும் நான் கேட்பது ஒன்றுதான். விதி இருக்கிறதா? ஈர்ப்பு ஒரு விதி. விதி என்றால் அதை அமல்படுத்த ஆள் வேண்டும். இவ்வளவு காலமும் அதிகாரி யாருமே இல்லாமல் ஈர்ப்பு தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த அவலத்துக்கு நாங்கள் முடிவு கட்டினோம்."

நாலு பேரில் மூன்று பேர் கைதட்டினார்கள்.

இயக்குநர் முன்னால் வந்தார். மூன்று வாரமாகத் தூங்காத முகம். "சார், இது கற்பனைப் படம். ராணி வாயால ஊதினா நட்சத்திரம் அணையுது."

"அணையலாம்" என்றார் ஒலி உறுப்பினர். "அது கற்பனை. அதில் வாரியம் தலையிடாது. அணையும்போது சத்தம் வரக்கூடாது."

"ஜனங்க பெருசா ஒண்ணும் கேக்கறதில்ல சார். ராணி பறக்கிறான்னா நம்பிடுவாங்க. தரையில கால் வைக்கிறப்ப முட்டி மடங்கலன்னா மட்டும் சிரிச்சிடுவாங்க. எங்களுக்கு வேண்டிய பிசிக்ஸ் அந்த முட்டி அளவுதான் சார்."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "முட்டி பற்றி விதி இல்லை" என்று மூடினார். "காட்சியைக் காட்டுங்கள்."

வவ்வால் ராணியின் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். ஃபைபர் கவசம், ஒளிர்வதற்காக உள்ளே பேட்டரி, முதுகில் உலோகச் சிறகு. கப்பி அவள் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துக் கொக்கியை மாட்டினான்.

"கீழ மெத்தை இல்ல" என்றான் மெதுவாக.

"பாத்தேன். அதான் காலைலேர்ந்து உன் மூஞ்சி பேதி மாத்திரை தின்னவன் மாதிரி இருக்கு."

"வேணாம்னு சொல்லிடலாமாடி?"

"சொல்லிட்டு? நீயும் நானும் மறுபடி கல்லு தூக்கவா? நீ எப்பவும் பாதி வழியில இறக்கி வெச்சுட்டு மூத்திரம் போறேன்னு ஓடிடுவ. ஏத்துண்ணே. ரெண்டு நிமிஷம் தொங்குறேன், பாத்துட்டுப் போகட்டும்."

ஏற்றினார்கள். கயிறு அவள் முதுகிலிருந்து மேலே போய், கூரை உத்திரத்தில் ஓடும் டிராலியின் கப்பியில் புரண்டு, சுவரோரக் கப்பி வழியாகக் கீழே வந்தது. கீழ் முனையில் அவளுக்குச் சமமாக எடைக்கட்டிகள். கயிற்றைப் பிடிக்கக் கப்பியையும் சேர்த்து நாலு பேர். மேலே டிராலி மோட்டார் உறுமிக்கொண்டே அவளைத் தளத்தின் நடுவுக்கு, பனிக்கிரகத்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தியது. வவ்வால் கைகளை விரித்து மெல்லப் புரண்டாள். கீழே நின்ற எல்லோருக்கும் அவள் கனமே இல்லாதவள் போலத் தெரிந்தது. இயக்குநரின் கண் கலங்கியது.

ஒலி உறுப்பினர் கை தூக்கினார். "அது என்ன சத்தம்?"

"டிராலி மோட்டார் சார். அவங்களைக் கொண்டுபோறதுக்கும் திருப்பிக் கொண்டுவர்றதுக்கும்" என்றார் இயக்குநர்.

"வெற்றிடத்தில் மோட்டார் சத்தம்." அவர் எழுந்துபோய் சுவரிலிருந்த விசைப்பெட்டியில் மோட்டாரை அணைத்தார். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். "இப்போது சரி."

வவ்வால் நடுவில் நின்றுவிட்டாள். பக்கவாட்டில் நகர வழியில்லை. நேரே இறக்கினால் கம்பிகள்.

"சார்" என்றான் கப்பி, "சாவி..."

"ஆய்வு முடிந்ததும் தரப்படும்."

இப்போது ஈர்ப்பு உறுப்பினர் மேடையில் இருந்தபடியே முன்னால் குனிந்தார். கயிற்றின் கீழ் முனையைக் கண்டார். அவர் முகம், அடுத்தவன் வீட்டில் தன் செருப்பைக் கண்டவன் முகம் போல மாறியது. "அது எடைக்கட்டியா?"

"ஆமாங்க ஐயா."

"எடையற்ற வெளியில் எடைக்கட்டி!"

செயலாளர் விதியைப் படித்தார். எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்று கழலும்போதும் கயிறு நாலு பேரின் தோளில் ஏறியது. கழற்றியவற்றுக்குச் சீல் வைத்து வெளியே அனுப்பினார்கள். கயிற்றைக் கட்டிவைக்கத் தரையில் பதித்திருந்த கொக்கி வளையத்துக்கும் சீல். பிறகு ஆட்களின் கையுறைகளைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏதாவது கருவி இருக்கலாம்.

"அண்ணே" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கீழ என்ன நடக்குது? நான் ஆடுறேன்."

"ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு!"

"சத்தம்" என்றார் ஒலி உறுப்பினர்.

அடுத்ததைக் கண்டுபிடித்தவர் தலைவரே. அவர் ஆட்களைச் சுற்றிப் பார்த்தார், கவலையோடு. "இது காற்றில்லாத இடம்தானே?"

"கதைப்படி ஆமா சார்" என்றார் இயக்குநர்.

"அப்படியானால் இத்தனை பேர் எப்படி மூச்சு விடுகிறார்கள்?"

அந்தக் கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. லைட்மேன்கள், தச்சர்கள், கேமராக்காரர், கூட்டுகிற அக்கா எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். கயிறு பிடித்த நாலு பேரில் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள்.

"சார், ஒருத்தர் பிடிச்சா தாங்காது சார்!" இயக்குநர் குறுக்கே வந்து நின்றார்.

"வாரியம் இரக்கமில்லாதது அல்ல" என்றார் தலைவர். "அதனால்தான் ஒருவரை அனுமதிக்கிறோம். விதிப்படி ஒருவரும் கூடாது."

அந்த மூன்று பேர் கயிற்றை விட மனமில்லாமல் விட்டார்கள். கடைசி ஆள் விடும்போது கப்பியின் காதில் சொன்னான். "கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். ஒரு குரல் குடு." இயக்குநரையும் அனுப்பினார்கள். கதவு மூடியது.

கப்பி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. தங்கையும் கவசமும் பேட்டரியும் சிறகும் ஒரு பக்கம். மறுபக்கம் அவனும் காலையில் குடித்த டீயும். இரண்டு கப்பிகளின் இறுக்கம்தான் மிச்சத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே அவள் ஒரு சாண் இறங்கினாள். அவன் கால் விரல்களால் தரையைத் தேடினான்.

"அண்ணே."

"ம்."

"நீ மட்டும்தான் இருக்கியா?"

"ஆமா."

"அப்ப இனிமே நான் உன்னைத் திட்டல" என்றாள்.

அதைக் கேட்டுத்தான் கப்பிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"விசாரணையைத் தொடங்கலாம்" என்றார் தலைவர். "நீ கையில் வைத்திருப்பது என்ன?"

"கயிறுங்க ஐயா."

"அதில் எடை இருக்கிறதா?"

"இருக்குங்க. ரொம்ப இருக்குங்க."

"செயலாளர் குறித்துக்கொள்ளட்டும். காட்சியில் எடை இருக்கிறது. அப்படியானால் காட்சி பொய். சான்றிதழ் கிடையாது."

கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் அத்தனை பேரின் முகமும் கப்பியின் கண்ணில் வந்து நின்றது. "இல்லைங்க ஐயா" என்றான் அவசரமாக. "எடை இல்லைங்க."

"நல்லது. எடை இல்லை." தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் கயிற்றை விடு."

"விட்டா விழுந்திடுவாங்க ஐயா."

"எடை இல்லாதது எப்படி விழும்?" என்றார் ஈர்ப்பு உறுப்பினர், குழந்தைக்குச் சொல்வது போல. அவர் குரலில் கோபமே இல்லை. "நீ பயப்படாதே. விழ முடியாது."

"கீழ கம்பி இருக்குங்க."

"அது பனிக்கிரகம்" என்று திருத்தினார் செயலாளர்.

"சாட்சி மாற்றி மாற்றிச் சொல்கிறான்" என்றார் தலைவர். "முறைப்படி சத்தியம் வாங்குங்கள். வலது கையைத் தூக்கு."

கப்பி தன் வலது கையைப் பார்த்தான். கயிறு சதைக்குள் போயிருந்தது.

"தூக்கு" என்றார் செயலாளர்.

"அண்ணே, தூக்காத!" என்று மேலேயிருந்து அலறல்.

"சாட்சிக்கு மேலிருந்து சொல்லித்தரக் கூடாது."

கயிறு வழுக்கியது. கொஞ்சம்தான். வவ்வாலின் சிறகு நுனி ஒரு கம்பியை உரசும் சத்தம் கேட்டது. கப்பியின் உடம்பு மேலே போனது. போகிற போக்கில் அவன் கால் எதையாவது பிடிக்கத் துழாவி, அரியணை மேடையின் முன்சட்டத்துக்கு அடியில் மாட்டியது. அப்படியே குப்புற மடங்கி, கயிற்றின் வாலை அந்தச் சட்டத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றைப் பல்லால் இழுத்து முடிந்தான். மேடை கிறீச்சிட்டது. முன்பக்கம் ஒரு விரல் எழும்பி நின்றது. அதற்குமேல் எழும்பவில்லை.

நாலு பேரும் சிங்கத் தலைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன செய்தாய்?" என்றார் தலைவர்.

கப்பி தரையில் கிடந்தபடி மூச்சு வாங்கினான். கயிற்றை இன்னும் விடவில்லை. "ஐயா, மேடை தெர்மாகோலுங்க. நீங்க நாலு பேரும் உக்காந்திருக்கிறதால நிக்குது. யாரும் எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா என் தங்கச்சி செத்துடுவா."



"அதாவது" என்றார் செயலாளர், "வாரியம் இப்போது எடைக்கட்டியாக..."

"அதைக் குறிக்க வேண்டாம்" என்றார் தலைவர்.

கப்பி கதவைப் பார்த்துக் கத்தினான். "டேய்! உள்ள வாங்கடா! எல்லாரும் வாங்க!" கதவை உள்ளேயிருந்து தாழிட்டிருந்தார்கள். வெளியே யாரோ தோளால் இடிக்கும் சத்தம் கேட்டது.

ஈர்ப்பு உறுப்பினர் வேட்டைக்காரனின் கூண்டில் அகப்பட்டவர் போல அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு அவருக்கு விஞ்ஞானம் கைகொடுத்தது. "நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றார். "வாரியத்தின் மொத்த எடையில் என் பங்கு ரொம்பக் குறைவு. நான் ஒருவன் போவதால் ஒன்றும் ஆகாது." எழுந்தார்.

மேடை ஒரு சாண் எழும்பியது. மேலே வவ்வால் ஒரு சாண் இறங்கினாள். அவள் கத்தவில்லை. கால்களை மடக்கிக்கொண்டாள்.

"ஐயா உக்காருங்க! ஐயா, கும்பிடுறேன், உக்காருங்க!"

அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். போகும்போது நுனிக்காலில் நடந்தார், ஏதோ அதனால் கனம் குறையும் என்பது போல.

"அவர் போனதே தப்பு" என்றார் ஒலி உறுப்பினர். "அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆனால் அவர் போனபின் குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாத கூட்டத்தில் நான் உட்கார்ந்திருப்பது சட்டவிரோதம்." அவரும் எழுந்தார். சாவி அவரோடு போனது.

மேடை இன்னும் எழும்பியது. ஒரு சிங்கத் தலை உடைந்து காகிதம் போல உருண்டது. கப்பி பாய்ந்து சட்டத்தின் மேல் விழுந்து படுத்துக்கொண்டான். வவ்வாலின் பூட்ஸுக்கும் கம்பி முனைக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம்.

அப்போது வெளிக்கதவின் தாழ்ப்பாள் பிய்ந்தது. முதலில் ஓடிவந்தவள் கூட்டுகிற அக்கா. அவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. கப்பி சட்டத்தில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். துடைப்பத்தோடு மேடையேறி ஈர்ப்பு உறுப்பினரின் சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மேடை தாழ்ந்தது. மேலே வவ்வால் ஒரு சாண் ஏறினாள்.

"இன்னும் ஆளு வாங்கப்பா!" என்று கத்தினாள். "நான் ஒருத்தி எவ்வளவு நேரம் ராணியா இருப்பேன்!"

ஒரு தச்சர் ஏறி ஒலி உறுப்பினரின் இடத்தில் உட்கார்ந்தார். செயலாளர் பதறி எழுந்தார். "இது உறுப்பினர்களுக்கான ஆசனம்! தகுதியில்லாதவர்கள் யாரும்..." அவர் சொல்லி முடிக்குமுன் ஒரு லைட்மேன் அவர் விட்ட இடத்தில் விழுந்தான்.

தலைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்துச் சிம்மாசனத்தில் துடைப்பம் பிடித்த ஒருத்தி. அந்தப் பக்கம் ரம்பம் தொங்கும் இடுப்பு. இன்னும் இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் அவருடைய ஆசனத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் எழுந்தால் அடுத்த நொடி அதில் யாரோ இருப்பார்கள். அவர் இரண்டு கையாலும் ஆசனத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை முழுதாக அழுத்தி உட்கார்ந்தார்.

"நான் எழ மாட்டேன்" என்றார். "என்னை யாரும் எழுப்ப முடியாது."

"எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க சாமி" என்றாள் அக்கா.

மேடை தரையில் அசையாமல் உட்கார்ந்தது. அந்த ஆளின் பதவிப் பிடிப்பு இல்லையென்றால் அன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும். இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

மற்றவர்கள் பலகைகளைக் கொண்டுவந்து கம்பிகளின் மேல் பரப்பினார்கள். மெத்தைகளை அடுக்கினார்கள். இயக்குநரும் ஒரு மெத்தையின் மூலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கயிற்றுக்காரர்கள் மூன்று பேரும் இன்னும் சிலரும் கயிற்றை வாங்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக விட்டார்கள். வவ்வால் மெத்தையில் கால் வைத்தாள். முட்டி இரண்டும் மடங்கின. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். செயலாளரைக் கூப்பிட்டு, உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொன்னார்.

"வாரியம் நேரில் ஆய்வு செய்தது. ஆய்வு முழுவதிலும் சம்பந்தப்பட்ட பெண் விழவில்லை. எனவே காட்சியில் எடை இல்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது." வெளியே நின்றவர்கள் வரை கைதட்டல் போனது. அவர் கை உயர்த்தினார். "ஆனால் ஒரு குறை. அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் தெரிந்தது. எடையில்லாதவருக்குப் பயம் வர முகாந்திரமில்லை. பயமில்லாமல் மறுபடி ஒருமுறை எடுத்துக் காட்டினால் சான்றிதழ்."

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார்.

வவ்வால் எழுந்து நடந்து வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. சிறகு ஒரு பக்கம் ஒடிந்து தொங்கியது. மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எடுத்துடலாம் சார்" என்றாள். "நான் ரெடி. கொக்கியை மாட்டுங்கப்பா. அக்கா, நீங்க இறங்குங்க. அண்ணன்மாரே, நீங்களும் இறங்குங்க. மெத்தையைத் தூக்குங்க. எல்லாம் முன்னாடி இருந்த மாதிரியே இருக்கணும்." தலைவரைப் பார்த்தாள். "சார் மட்டும் உக்காந்திருக்கட்டும். இந்தத் தடவை கயிறு கட்டுன மேடையில சார் ஒருத்தர்தான். நான் இறங்குனா சார் மேல போவீங்க. பயப்படாம இருங்க சார், உங்க முகமும் ஃப்ரேம்ல வரும்."

அக்கா எழுந்தாள். தச்சர் எழுந்தார். லைட்மேன் எழுந்தான். கூரை உத்திரத்தைத் தலைவர் அன்றைக்கு முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்தார்.

"பயம் பற்றியும் விதி இல்லை என்று நினைக்கிறேன்" என்றார் செயலாளரிடம். செயலாளர் புத்தகத்தைத் திறக்காமலே இல்லை என்றார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை குத்த மேசை தேடவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் குத்தினார்கள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இயக்குநர் அழுதுகொண்டே எல்லோருக்கும் டீ சொன்னார்.

கப்பி மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கயிற்றிலிருந்து வெட்டிவிட்ட வால் துண்டு இன்னும் அவன் கைக்குள் இருந்தது. வவ்வால் வந்து எதிரில் குந்தினாள். கவசத்தின் ஒரு பக்கம் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"கையைத் திறண்ணே. மருந்து போடணும்."

"திறக்க மாட்டேங்குதுடி."

அவள் அவன் சுண்டு விரலைப் பிடித்து நிமிர்த்தினாள். விட்டதும் அது மறுபடி மடங்கிக்கொண்டது. கயிறும் தோலும் ஒட்டியிருந்தன.

"நான் கீழதான் இருக்கேன். இதோ பாரு. உன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது" என்றான் கப்பி. "கைக்கு இன்னும் தெரியல."